செஞ்சியாறும் இத்தாலிய விருந்தும்

ஓர் ஊரை அறிய வேண்டுமாயின் அங்குள்ள கோட்டையைக் காண வேண்டும், கோயிலைக் காண வேண்டும் என்பர். அடுக்களையையும் காண வேண்டும் என்று சொல்வோர் சிலரே. ஆனால் மன்னர் மாறுவர், கொடி மாறும், எல்லைகள் மாறும். மக்கள் எதை உண்டனர், அதை எங்கிருந்து பெற்றனர், யாரோடு அமர்ந்து உண்டனர் என்னும் செய்திகளில் வரலாறு நெடுங்காலம் தங்கி நிற்கிறது. ஆகவே மாணவ நண்பர்களோடு இன்று ஓர் உணவுமேசையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அது கடற்கரையில் உள்ள இத்தாலிய உணவகத்தின் மேசை. பேச்சு தொடங்கும் இடமோ செஞ்சி. மலைக்கோட்டை ஊருக்கும் கடற்கரை விருந்துக்கும் என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். அந்த உறவை உண்டாக்கித் தருவது ஓர் ஆறு.

செஞ்சி வட்டாரத்து மலைகளில் பெய்யும் மழைநீரைத் திரட்டிக்கொண்டு தென்கிழக்காக ஓடும் ஆற்றுக்குச் செஞ்சியாறு என்றும், வராகநதி என்றும், சங்கராபரணி என்றும் பெயர்கள் வழங்குகின்றன. வீடூர் அணையைக் கடந்து, புதுச்சேரிப் பகுதியுள் புகுந்து, கடலை நெருங்கும்போது அது கிளைகளாகப் பிரிகிறது. அவற்றுள் ஒன்று அரியாங்குப்பம் ஆறு. அதன் கரையில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே அமைந்திருக்கும் மண்மேடுதான் அரிக்கமேடு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இத்தாலிய நாட்டு உண்கலங்கள் வந்திறங்கிய துறைமுகம் அது. அக்கதைக்குச் சற்றுப் பின்னர் வருவோம். முதலில் இன்றைய மேசையைக் காண்போம்.

செஞ்சியிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சென்றால் புதுச்சேரிக் கடற்கரை. 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட அந்நகரில், கடலை ஒட்டி அவர்கள் குடியிருந்த தெருக்கள் இன்னும் பழைய தோற்றத்தோடு விளங்குகின்றன. உயர்ந்த சாளரங்களும் அகன்ற முற்றங்களும் உடைய அவ்வீடுகளுள் சில இன்று உணவகங்களாகிவிட்டன. பிரெஞ்சு உணவோடு இத்தாலிய உணவும் அங்கே கிடைக்கிறது. சென்னையில் பெசன்ட் நகரிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இத்தகைய உணவகங்களைக் காணலாம். விலை மிகுதி, விளக்கொளி மெல்லியது, பேச்சுக்குரலும் தாழ்ந்தே ஒலிக்கும். சிற்றூரில் படித்துப் பட்டம் பெற்று, முதல் வேலையில் அமர்ந்து, நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்று அங்கே செல்லும் இளைஞனை நினைத்துப் பாருங்கள். உணவுப் பட்டியலைக் கையில் வாங்குகிறான். தமிழும் அன்று, ஆங்கிலமும் அன்று. முன்பின் கேட்டிராத பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. பசி இருந்த இடத்தில் அச்சம் வந்து அமர்கிறது. நண்பர் கேட்டதையே தனக்கும் கேட்டுவிட்டு, வந்ததை விருப்பமின்றி உண்டு, கூச்சத்தோடு வெளியேறுகிறான். இவ்வாறு நேர்வது அறிவுக் குறைவால் அன்று; யாரும் அவனுக்கு எடுத்துச் சொல்லவில்லை என்பதனாலேயே நேர்கிறது. சொல்லித் தந்தால் கால் மணி நேரத்தில் விளங்கிவிடும் செய்தி அது.

இத்தாலியர் உணவு வரிசையாக வருவது. நம் விருந்தில் இலையின் மேற்புறம் உப்பு, ஊறுகாய், பொரியல், கூட்டு எல்லாம் முன்னரே இடம்பெற்றுவிடும். அதன் பின்னர்ச் சோற்றுக்குச் சாம்பார், ரசம், மோர் என்று முறை மாறும். அங்கேயோ ஒரு தட்டு முடிந்து அகன்ற பின்னரே மறு தட்டு வரும். முதலில் வருவது ஆன்டிபாஸ்டோ. உணவுக்கு முந்தியது என்பது அச்சொல்லின் பொருள். எண்ணெயில் ஊறிய காய்கள், ஆலிவ் காய், பாலாடைக்கட்டி, வாட்டிய ரொட்டி ஆகியன சிறு அளவில் வரும். அடுத்தது ப்ரீமோ, அதாவது முதலாவது. பாஸ்தாவோ, ரிசோட்டோவோ, சூப்போ இவ்விடத்தில் வரும். அதற்கு அடுத்த செகோண்டோ என்னும் இரண்டாவது தட்டில் மீனோ இறைச்சியோ இருக்கும். கொன்டோர்னோ என்பது அதனுடன் வரும் காய்கறி. இறுதியில் தோல்ச்சே எனப்படும் இனிப்பும், சிறு கிண்ணத்தில் கடுங்காப்பியும் வரும். இத்தனையையும் ஒருவர் கேட்டே ஆக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. இத்தாலியரும் நாள்தோறும் அவ்வாறு உண்பதில்லை. ஒரு முதல் தட்டோடு நிறுத்திக்கொள்வது குறையாகாது.

இனி, முதல் தட்டின் தலைவனான பாஸ்தாவைப் பார்ப்போம். டியூரம் என்னும் கெட்டிக் கோதுமையை ரவையாக உடைத்து, நீரில் பிசைந்து, துளையுள்ள அச்சுகளின் வழியே பிழிந்து, உலர்த்தி எடுப்பது அது. நம் வீட்டுச் சேமியாவும் இடியாப்பமும் அறிந்தவர்க்கு இம்முறை புதிதன்று. உப்பிட்ட நீரில் அதை வேகவைக்கும்போது ஒரு பதத்தைக் கவனிப்பர். முற்றும் குழைந்துவிடாமல், பல்லில் சற்றே தட்டுப்படும் நிலையில் இறக்கிவிட வேண்டும். கெட்டிக் கோதுமையில் புரதம் மிகுதி. அப்புரதம் வலைபோல் நின்று மாவுச்சத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அளவுக்கு மீறி வெந்தால் வலை தளர்ந்து, மாவு கரைந்து, பாஸ்தா ஒட்டிக்கொள்ளும். ஆகவே, ‘இது சரியாக வேகவில்லையே’ என்று தட்டைத் திருப்பி அனுப்ப எண்ணுபவர் ஒரு கணம் பொறுக்க வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கும் நம் வீட்டுப் பெண்டிர்க்கு இந்நுட்பம் எளிதில் விளங்கும்.

பாஸ்தாவைச் சீனாவிலிருந்து மார்க்கோ போலோ கொண்டுவந்தார் என்றொரு கதை உலகெங்கும் வழங்குகிறது. அது உண்மையன்று. அவர் வெனிஸ் நகருக்குத் திரும்பியது 1295-இல். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னரே, 1154-இல், அல் இத்ரிசி என்னும் அரபுப் புவியியல் அறிஞர், சிசிலித் தீவில் இத்தகைய உலர் உணவு பெருமளவில் செய்யப்பட்டுக் கப்பல்களில் பல நாடுகளுக்கும் சென்றதைக் குறித்து வைத்திருக்கிறார். கெடாமல் நெடுநாள் இருப்பது கடற்பயணத்துக்கு ஏற்ற உணவு. பாஸ்தா பரவியதற்கு அதன் சுவையைப் போலவே இப்பண்பும் காரணமாயிற்று.

ரிசோட்டோ அரிசியால் ஆகியது. அரிசி இத்தாலியின் பழம்பயிர் அன்று; ஆசியாவிலிருந்து மேற்கே சென்றது. வட இத்தாலியில் போ ஆற்றுச் சமவெளியில் 15-ஆம் நூற்றாண்டில் நெல் வேரூன்றியது. மிலான் நகரக் கோமகன் ஃபெராரா நகரக் கோமகனுக்கு 12 மூட்டை நெல்லை அனுப்பிய செய்தி 1475-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் காணப்படுகிறது. உருண்டையான குறு அரிசியை வெண்ணெயில் வறுத்து, கொதிக்கும் சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறிக்கொண்டே இருப்பர். அரிசியின் மேற்புற மாவு கரைந்து குழம்பாகி, உள்மணி மட்டும் உறுதியாக நிற்கும். வெண்பொங்கலின் குழைவை அறிந்த நாவுக்கு இஃது உறவினர் வீட்டு உணவே.

பீட்சாவை நம் நாட்டு இளைஞர் நன்கு அறிவர். நேப்பிள்ஸ் நகரத்து ஏழைத் தொழிலாளர் தெருவில் நின்று தின்ற உணவு அது. விறகு எரியும் கல்லடுப்பில், 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும். அந்நகரத்துப் பீட்சாக்காரரின் கைத்திறனை 2017-இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. தெருவில் பிறந்த உணவு, வெள்ளைத் துணி விரித்த மேசைக்கு ஏறிவிட்டது. உணவின் வரலாற்றில் இத்தகைய ஏற்றங்கள் பல உண்டு, இறக்கங்களும் உண்டு.

விலை ஏன் இவ்வளவு என்னும் வினாவும் எழும். கடற்கரைத் தெருவின் வாடகை ஒரு காரணம். ஆலிவ் எண்ணெயும் பாலாடைக்கட்டியும் கடல் கடந்து வருவது மற்றொரு காரணம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்னும் புகழ்பெற்ற பாலாடைக்கட்டியை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள ஒரு சக்கரத்துக்கு 500 லிட்டருக்கு மேற்பட்ட பால் வேண்டும். குறைந்தது 12 மாதங்கள் அது முதிர வேண்டும். இத்தாலியின் குறிப்பிட்ட சில மாவட்டங்களில் செய்வதற்கு மட்டுமே அப்பெயர் உரியது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நினைவுகூர்ந்தால் இவ்வுரிமையின் தன்மை விளங்கும். சைவ உணவினர் இங்கே ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். இந்தப் பாலாடைக்கட்டிக்குப் பாலை உறையச் செய்வது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள். சில குழம்புகளில் நெத்திலி போன்ற சிறு மீனும், சில இனிப்புகளில் பச்சை முட்டையும் சேரும். பரிமாறுபவரிடம் இவற்றைக் கேட்பது முற்றும் முறையான செயல். அவர் அதற்காகவே நிற்கிறார். அறிந்து சொல்வது அவர் தொழிலின் ஒரு பகுதி. கேட்டால் மதிப்புக் குறையும் என்று எண்ணுபவர், கேட்காமல் உண்டு பின்னர் வருந்துவர்.

நீண்ட பாஸ்தாவை முள்கரண்டியில் சில இழைகளை மட்டும் எடுத்துத் தட்டின் ஓரத்தில் சுழற்றி உண்பது வழக்கம். கத்தியால் நறுக்குவதை இத்தாலியர் விரும்புவதில்லை. தட்டில் எஞ்சிய குழம்பை ரொட்டித் துண்டால் வழித்து உண்பது அவர்கள் வீடுகளில் இயல்பான செயல். அதற்கென்று தனிச்சொல்லே உண்டு. இலையில் எஞ்சிய குழம்பைச் சோற்றால் வழித்து உண்ணும் நம் பழக்கத்துக்கு அது நெருங்கிய உறவு. பீட்சாவைக் கையால் உண்பதும் தவறன்று. இவ்வளவுதான் முறைகள். இவற்றைக் கற்க ஒரு மாலைப் பொழுது போதும்.

ஆனால் மேசையில் எப்படி நடந்துகொள்வது என்பதோடு பாடம் முடிந்துவிடுவதில்லை. அம்மேசையில் உள்ள பொருள்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கத் தொடங்கும்போதுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. இப்போது செஞ்சியாற்றின் முகத்துவாரத்துக்குத் திரும்புவோம்.

1945-இல் மார்ட்டிமர் வீலர் என்னும் தொல்லியல் அறிஞர் அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தினார். மண்ணுக்கடியிலிருந்து சிவந்து பளபளக்கும் உண்கலங்களின் உடைந்த சில்லுகள் கிடைத்தன. அவை இத்தாலியில் அரெஸ்ஸோ என்னும் ஊரின் பெயரால் அறியப்படும் கலங்கள்; செய்த குயவரின் முத்திரையும் சிலவற்றில் பொறிக்கப்பட்டிருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளைச் சார்ந்தவை அவை. இரண்டு கைப்பிடிகளும் கூரிய அடிப்புறமும் கொண்ட ஆம்போரா என்னும் நெடுஞ்சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. அச்சாடிகளின் மண்ணையும் வடிவத்தையும் பிற்காலத்தில் ஆராய்ந்தோர், அவற்றுள் பல திராட்சை மதுவையும், சில ஆலிவ் எண்ணெயையும், வேறு சில காரும் என்னும் மீன்சாற்றையும் கொண்டுவந்தவை என்று கண்டனர். மீனை உப்பிட்டு வெயிலில் ஊறவைத்து வடித்தெடுக்கும் அச்சாறு உரோமானியர் உணவுக்கு இன்றியமையாத சுவை. ஆகவே, இத்தாலிய விருந்தின் தட்டு, எண்ணெய், மது, சாறு ஆகிய நான்கும் செஞ்சியாறு கடலில் கலக்கும் இடத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வந்து சேர்ந்துவிட்டன.

அம்மேசையில் அமர்ந்தவர் யார்? மேலை நாட்டு வணிகர் அங்கே குடியிருந்தனர் என்று வீலர் கருதினார். உள்ளூர் மக்களும் அக்கலங்களையும் மதுவையும் வாங்கிப் பயன்படுத்தியிருக்கலாம் என்பது பின்வந்தோர் சிலரின் கருத்து. இவ்வாராய்ச்சியில் சுவையான திருப்பம் ஒன்றும் உண்டு. உட்புறத்தில் நுண்ணிய புள்ளிக் கோடுகள் வட்டவட்டமாகச் சுழலும் ஒருவகைத் தட்டும் அங்கே மிகுதியாகக் கிடைத்தது. அதன் அழகையும் மென்மையையும் கண்ட வீலர், அதுவும் மத்தியதரைக் கடல் நாட்டிலிருந்து வந்ததே என்று முடிவு செய்தார். பிற்காலத்தில் அதன் களிமண்ணை ஆய்வுக்கூடங்களில் சோதித்தபோது, அது இந்திய நாட்டு மண்ணால் ஆகியது என்பது தெளிவாயிற்று. விமலா பெக்லி என்னும் ஆய்வாளர் 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டில் மீண்டும் அகழாய்வு நடத்தி, அவ்வூரின் வாழ்வு வீலர் கருதியதைவிட நீண்டது என்று காட்டினார். நுண்மையானதெல்லாம் வெளியிலிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும் என்னும் எண்ணம் பேரறிஞரையும் வழி தவறச் செய்யும் என்பதற்கு இத்தட்டு ஒரு சான்று.

வந்தவை இவை. போனது எது? நம் கரையிலிருந்து போன பொருள்களுள் மணிகளும் துணிகளும் இருந்தன. மேலைக் கரையிலிருந்து மிளகு போயிற்று. உரோம நாட்டுச் சமையல் நூலாக நமக்குக் கிடைத்திருக்கும் அபீசியஸ் தொகுப்பில் பெரும்பாலான குறிப்புகளில் மிளகு இடம்பெறுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, கருமிளகு ஓர் இராத்தல் 4 தெனாரியம் என்றும், திப்பிலி 15 தெனாரியம் என்றும் விலையைக் குறித்திருக்கிறார். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா ஈர்த்துக்கொள்கிறது என்று வருந்தியவரும் அவரே. கி.பி. 408-இல் கோத்தியர் தலைவன் அலாரிக் உரோம் நகரை முற்றுகையிட்டான். முற்றுகையை நீக்க அவன் கேட்ட பொருள்களில் பொன், வெள்ளி, பட்டு ஆகியவற்றோடு 3,000 இராத்தல் மிளகும் அடங்கும். ஒரு பேரரசின் தலைநகர் தன் உயிரை மீட்கக் கொடுத்த விலையில் நம் நாட்டுக் கொடியில் காய்த்த மிளகும் சேர்ந்திருந்தது. இன்று பரிமாறுபவர் மரத்தால் ஆகிய அரைகலனைத் திருகி, பாஸ்தாவின் மேல் மிளகுத்தூளைத் தூவும்போது, அந்நிய மேசையில் அமர்ந்திருக்கிறோம் என்று நாம் கூச வேண்டியதில்லை.

பண்டை உரோமானியர் மேசையில் இல்லாத பொருள் ஒன்றுண்டு. அது தக்காளி. இன்று இத்தாலிய உணவின் நிறமே தக்காளியின் சிவப்பு என்று எண்ணுகிறோம். ஆனால் தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் கடல் கடந்த பின்னரே அது ஐரோப்பாவுக்கு வந்தது. 1544-இல் மத்தியோலி என்னும் இத்தாலிய மருத்துவர் தம் நூலில் அதைக் குறிப்பிட்டார். பொற்கனி என்னும் பொருள் தரும் பெயரையே இத்தாலியர் அதற்கு இட்டனர். எனினும் நெடுங்காலம் அஞ்சியே உண்டனர். தக்காளிச் சாந்து செய்யும் முறையை அச்சிட்ட முதல் இத்தாலியச் சமையல் நூலாகக் கருதப்படுவது, 1690-களில் நேப்பிள்ஸ் நகரில் அன்டோனியோ லத்தினி வெளியிட்ட நூல். பாஸ்தாவும் தக்காளியும் பிரியாத நண்பர்களானது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

நம் கதையும் அதுவே. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியே 16-ஆம் நூற்றாண்டில் நமக்கு வந்தது. அதற்கு முன்னர் நம் முன்னோர்க்குக் காரம் தந்தவை மிளகும் திப்பிலியும் இஞ்சியுமே. மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால் அதற்கு மிளகாய் என்று பெயர் அமைந்தது. தக்காளியைச் சீமைத் தக்காளி என்றே நம் பாட்டன்மார் அழைத்தனர். தக்காளி ரசம் இல்லாத தமிழ் விருந்தை இன்று எண்ணிப் பார்க்க இயலுமா? இத்தாலியரும் நாமும் ஒரே கண்டத்திலிருந்து கடன் வாங்கி, அவரவர் அடுப்பில் சமைத்து, ‘இது எம் பரம்பரை உணவு’ என்று பெருமை கொள்கிறோம். அப்பெருமை பொய்யன்று. வாங்கிய பொருளைத் தம் கைத்திறனால் தமதாக்கிக்கொள்வதுதான் சமையல்.

நேப்பிள்ஸில் லத்தினி தக்காளியைப் பற்றி எழுதிய அதே ஆண்டுகளில் செஞ்சியில் என்ன நிகழ்ந்தது? அங்கே உணவு என்பது வாழ்வா சாவா என்னும் வினாவாக நின்றது. சிவாஜியின் மகன் இராஜாராம் செஞ்சிக் கோட்டையுள் புகலிடம் கொண்டிருந்தார். 1690 முதல் 1698 வரை ஔரங்கசீப்பின் படைத்தலைவர் சுல்பிகர் கான் அதை முற்றுகையிட்டார். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்த மதிலைப் பீரங்கியால் மட்டும் வெல்ல முடியவில்லை. கோட்டைக்குள் நெற்களஞ்சியம் இருந்தது. சுனையும் குளமும் இருந்தன. வெளியே முகாமிட்ட படைக்கோ தானியம் நெடுந்தொலைவிலிருந்து வந்தாக வேண்டும். மராத்தியக் குதிரைப்படை அவ்வழிகளை மறித்தது. 1692-ஆம் ஆண்டின் இறுதியில் முற்றுகையிட வந்தவர்களே பசியால் வாடினர். 1693-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்கினர். கோட்டை இறுதியில் வீழ்ந்தது 1698-இல். இன்று இராஜகிரியின் அடிவாரத்தில் காணப்படும் களஞ்சியத்தைச் சுற்றுலாப் பயணிகள் சிலர் எட்டிப் பார்த்துவிட்டுக் கடந்து செல்கின்றனர். எட்டாண்டு முற்றுகையில் பீரங்கி மேடைக்கு நிகரான பணியைச் செய்தவை இத்தகைய களஞ்சியங்கள். உணவு வந்து சேரும் வழி அறுந்தால் பேரரசின் படையும் நிற்காது என்னும் பாடம் அச்சுவர்களில் எழுதப்பட்டிருக்கிறது.

பசியின் வரலாறு இத்தாலிக்கும் உண்டு. உயர்ந்த உணவகங்களில் பொலென்டா என்னும் பண்டத்தைக் காணலாம். மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்யும் களி அது. நம் கேழ்வரகுக் களிக்கு உடன்பிறப்பு. இன்று வெண்ணெயும் காளானும் சூழ அழகாக வரும் அக்களி, 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் வட இத்தாலிய உழவருக்குக் காலை, பகல், மாலை மூன்று வேளையும் ஒரே உணவாக இருந்தது. விளைந்த கோதுமை நிலவுடைமையாளருக்குப் போயிற்று. உழுதவனுக்கு மக்காச்சோளம் எஞ்சியது. அக்காலத்தில் ஒரு கொடிய நோய் அவ்வூர்களில் பரவியது. தோல் தடித்துச் சொரசொரப்பாகும், வயிறு கெடும், பின்னர் அறிவு கலங்கும், முடிவில் சாவு. பெலாக்ரா என்று அதற்குப் பெயர். சொரசொரப்பான தோல் என்பது அவ்வித்தாலியச் சொல்லின் பொருள். 1771-இல் மிலான் நகர மருத்துவர் ஃப்ராபொல்லி அப்பெயரை ஏட்டில் ஏற்றினார்.

அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகள் மக்காச்சோளம் உண்டனர். அவர்களை இந்நோய் இவ்வாறு வாட்டவில்லை. ஏன்? அவர்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து ஊறவைத்த பின்னரே அரைத்தனர். தானியத்துள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்னும் உயிர்ச்சத்தை அம்முறை விடுவித்துத் தருகிறது. உடன் அவரையினக் காய்களையும் அவர்கள் உண்டனர். ஐரோப்பியர் தானியத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தனர். அதைச் சமைக்கும் அறிவைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்தனர். அந்த மறதிக்கு விலையாக இத்தாலிய உழவர் ஆயிரமாயிரம் பேர் தம் உயிரைத் தந்தனர். நியாசின் குறைவே இந்நோய்க்குக் காரணம் என்பது 1937-க்குப் பின்னரே உறுதியாயிற்று. நம் நாட்டிலும் தக்காணப் பகுதியில் வெறும் சோளத்தையே உணவாகக் கொண்ட ஏழையரிடம் இந்நோய் காணப்பட்டது. சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்னும் பொருளுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஊட்டச்சத்து அறிஞர் கோபாலனும் அவருடைய உடனாய்வாளர் ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் எடுத்துக்காட்டினர். சோளமும் மக்காச்சோளமும் தீயவை அல்ல. ஒன்றையே உண்ண வேண்டிய வறுமையும், உண்ணும் முறையை அறியாத அறியாமையும் சேர்ந்தபோது நல்ல தானியமும் நஞ்சாயிற்று.

பொருளைப் பெறும்போது அதற்குரிய அறிவையும் சேர்த்தே பெற வேண்டும் என்பதை இவ்வரலாற்றைவிடத் தெளிவாக வேறெதுவும் உரைக்க முடியாது. பழக்கவழக்கங்களுக்கும் இது பொருந்தும். நம் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இந்நாட்டவர் வலக்கையால் மட்டுமே உண்பதையும், நீர்க்கலத்தை உதட்டில் படாமல் உயர்த்திப் பருகுவதையும் வியப்போடு குறித்துக்கொண்டார். நம் முள்கரண்டிக் கூச்சத்துக்கு எதிர்ப்புறத்தில் அந்த வெனிஸ் நகரத்தார் நின்றிருந்தார் என்று நினைத்தால் முறுவல் தோன்றுகிறதல்லவா? 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் டி நொபிலி என்னும் மற்றோர் இத்தாலியர், இந்நாட்டு மக்களோடு பழக விரும்பியதால் புலால் உணவை நீக்கிச் சோறும் காய்கறியும் உண்டு வாழ்ந்தார். தமிழைக் கற்று உரைநடை நூல்கள் எழுதினார். பிறர் மேசையில் அமரத் தெரிந்தவருக்குப் பிறர் மொழியும் கைவரும்.

2025-இல் செஞ்சிக் கோட்டை, மராத்தியர் படைக்காப்புத் தலங்களுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இனி அயல்நாட்டார் பலர் அங்கே வருவர். அவர்களுள் இத்தாலியரும் இருப்பர். இலையின் முன் அமர்ந்து, எதை எதனோடு பிசைவது என்று அறியாமல் திகைக்கும் அவருக்கு, சிரிக்காமல் எடுத்துச் சொல்லும் கடமை செஞ்சி இளைஞருக்கு உண்டு. கடற்கரை உணவகத்தில் தமக்கு எத்தகைய உதவி வேண்டுமென்று அவர்கள் எண்ணுவார்களோ, அத்தகைய உதவியே அது.

மாணவ நண்பர்களே, விலையுயர்ந்த மேசையில் அமரும் வாய்ப்பு உங்களுள் சிலருக்கு விரைவில் வரலாம். சிலருக்கு நெடுங்காலம் வராமலும் போகலாம். அதனால் ஒருவர் உயர்ந்தவரும் மற்றவர் தாழ்ந்தவரும் ஆகிவிடமாட்டார். எத்தட்டு முன்னே வந்தாலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இது எங்கிருந்து வந்தது? இதை விளைவித்த கைகள் யாருடையவை? அவர்களுக்கு இது கிடைத்ததா? செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மழைக்கு அஞ்சி நெல்மூட்டைகளோடு காத்திருக்கும் உழவரிடமும் இவ்வினாக்களைக் கொண்டு செல்லலாம். அரிக்கமேட்டுச் சில்லுகளையும், இராஜகிரிக் களஞ்சியத்தையும், பொலென்டாக் களியையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் கண் அவ்வினாக்களால் திறக்கும். அக்கண்ணோடு உண்பவருக்கு எந்த உணவுப் பட்டியலும் அச்சம் தராது.